‘உள்ளேன் ஐயா!’

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, ‘உள்ளேன் ஐயா!’ என்று விடையிறுப்பது நாம் யாவரும் அறிந்த வழக்கம். மனிதன் பிறனுக்குக் கொடுக்கும் வாக்குகளில் இதைவிடச் சிறியது வேறில்லை. ஆயினும், இச்சிறு சொல்லில் மூன்று பொருள் அடங்கியிருக்கின்றன. நான் இங்கே இருக்கிறேன் என்பது ஒன்று. என் செவியும் மனமும் உம்மிடம் இருக்கின்றன என்பது மற்றொன்று. இப்பொழுது என்னை நம்பி நீர் எதையும் கேட்கலாம் என்பது மூன்றாவது. உடல் பலகையிலும் மனம் மாமரத்திலுமாக இருக்கும் பிள்ளையும் ‘உள்ளேன்’ என்றே சொல்லுகிறான். வராத தோழனுக்காகக் குரலை மாற்றி ‘உள்ளேன்’ சொல்லும் கெட்டிக்காரர்களும் உண்டு. எனவே, இச்சொல் பிறந்த அன்றே இதைச் சார்ந்த பொய்யும் பிறந்துவிட்டதெனக் கொள்ளலாம்.

இந்நாளில் இச்சொல்லை நமக்குப் பதிலாக இயந்திரம் சொல்லி வருகிறது. கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நகரங்களின் காரியாலயங்களில் அலுவல் பார்க்கும் நம்மவர் பலர், டீம்ஸ், ஸ்லாக் போன்ற செய்திச் செயலிகளின் வழியாகவே மேலதிகாரிகளோடும் சகாக்களோடும் பேசுகின்றனர். அச்செயலிகளில் ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் ஒரு சிறு புள்ளி தோன்றும். டீம்ஸில் அது பச்சையானால் ஆள் இருக்கிறார். சிவப்பானால் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். மஞ்சளானால் இடத்தைவிட்டு அகன்றிருக்கிறார். இதனோடு, ‘கூட்டத்தில் இருக்கிறேன்’ என்றோ, ‘உணவுக்குச் சென்றுள்ளேன், இரண்டு மணிக்குத் திரும்புவேன்’ என்றோ சொந்த வார்த்தையில் எழுதியும் வைக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்து நிலைக்குறிப்பு என்று அழைப்போம்.

இவ்வளவு அற்பமான புள்ளியில் தர்ம விசாரத்துக்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. நாள் முழுவதும் நம் பேரால் உலகத்துக்கு ஒரு செய்தி சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. அச்செய்தி உண்மையா? உண்மையாக இருக்க வேண்டியது நம் கடமையா? கடமையெனில் அக்கடமை யாருக்கு? முதலாளிக்கா, உடனுழைப்பவனுக்கா, நமக்கு நாமேயா? இவை அற்பமான கேள்விகள் அல்ல.

மரியாதையாகப் பிறந்தது

இவ்வழக்கத்தின் பிறப்பை முதலில் ஆராய்வோம். 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில், லெஸ் எர்னஸ்ட் என்பவர் ‘பிங்கர்’ என்னும் சிறு நிரல் ஒன்றை ஆக்கினார். அக்காலத்தில் பலர் கூடி ஒரே பெரிய கணினியைப் பயன்படுத்தினர். இன்னார் இப்பொழுது கணினியில் இருக்கிறாரா, இல்லையேல் எப்பொழுது கடைசியாக வந்தார் என்பதை அந்நிரல் காட்டிற்று. நாளடைவில் அதனோடு ‘பிளான்’ என்றொரு ஏடும் சேர்ந்தது. தாம் எங்கே போகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை அவரவர் அதில் எழுதி வைத்தனர். தேடி வந்தவர் அதைப் படித்துத் தெளிந்து போயினர்.

1996ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு இளைஞர் சிலர் ‘ஐ.சி.க்யூ’ என்னும் செயலியை வெளியிட்டனர். ‘இருக்கிறேன்’, ‘அகன்றிருக்கிறேன்’, ‘தொந்தரவு செய்யற்க’ என்பன போன்ற நிலைகளை அது உலகெங்கும் பரப்பிற்று. பல கோடிப் பேரை ஈர்த்த அச்செயலி 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. இன்று நம் தோட்டத்து வீடுகளிலும் புழங்கும் வாட்சப் 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றபோது, அதனை ஆக்கிய ஜான் கூம் என்பவரின் முதல் எண்ணம் செய்தி அனுப்புவதன்று. நண்பர்களின் பெயருக்கு அருகே, அவர் இப்பொழுது பேசக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதைக் காட்டுவதே அவர் கருதியது. செய்தி அனுப்பும் வசதி பின்னர் வந்து சேர்ந்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? நிலைக்குறிப்பு ஒரு மரியாதையாகப் பிறந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர், ‘யாராவது வந்தால் மாலையில் வரச் சொல்லுங்கள் அக்கா’ என்று அடுத்த வீட்டில் சொல்லிப் போவதற்கு ஒப்பானது அது. அவர் தாமே விரும்பிச் சொன்னார். சொன்னது தேடி வருபவரின் அலைச்சலைக் குறைப்பதற்காக. சொல்லாமற் போயிருந்தாலும் அவரை யாரும் தண்டித்திரார். இம்மூன்று இயல்புகளையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஐந்து நிமிஷத்துக்கொரு பெரட்டு

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவிலும், ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் கொள்ளைநோய் காரணமாக நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. காரியாலயம் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை கண்ணால் பார்த்து வேலை வாங்கிப் பழகிய மேற்பார்வையாளருக்கு ஆள் எவரும் கண்ணிற் படவில்லை. புள்ளி ஒன்றே கண்ணிற் பட்டது. மரியாதைக்காக வைத்த விளக்கு அன்றுமுதல் பல இடங்களில் காவல் விளக்காயிற்று.

அவ்விளக்கின் இயல்பைச் சிறிது கவனியுங்கள். கணினியை ஐந்து நிமிஷம் தொடாதிருந்தால் டீம்ஸில் பச்சை தானே மஞ்சளாகிவிடும். கணக்கு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிழை எங்கே என்று பத்து நிமிஷம் சிந்திப்பவன் இயந்திரத்தின் கண்ணுக்கு இல்லாதவன். வாடிக்கையாளரோடு சாதாரணத் தொலைபேசியில் பொறுமையாகப் பேசி அவர் குறையைத் தீர்ப்பவளும் இல்லாதவள். சிந்தனை ஒன்றுமின்றிச் சுட்டியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருப்பவனோ இருப்பவன்! இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது விரல் அசைந்ததா என்பது ஒன்றுதான். விரலசைவை உழைப்பென்று வாசித்தவன் மனிதன், பிழை அவனுடையது.

பிழைக்கு மறுபிழை பிறந்தது. சுட்டியைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, புள்ளி மஞ்சளாகுமுன் ஓடிவந்து ஒரு விசையைத் தட்டிப் போன தாய்மார்களும் உண்டு. 2024ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெரிய வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் பார்கோ, வேலை நடப்பதுபோலத் தோன்றும்படி விசைப்பலகை அசைவைப் பாவனை செய்ததாகப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்ட சிப்பந்திகளை நீக்கிற்று. விரலசைவை மதிப்பவனுக்கு விரலசைவே கிடைத்தது.

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தோட்டங்களில் அறிந்த பெரட்டை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். விடியுமுன்னே மணியடிக்கும். இருட்டில் வரிசையாக நின்றவர்களின் பேரைக் கூப்பிட்டுக் கிராணியார் குறித்துக்கொள்வார். பிந்தி வந்தவன் திருப்பி அனுப்பப்பட்டு அன்றைய கூலியை இழந்ததும் உண்டு. பெரட்டு கொடுமையற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அதற்கொரு காரணம் இருந்தது. வைகறையின் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். பெரட்டு முடிந்தபின் தொழிலாளி தன் நிரைக்குப் போய்விடுவார். மண்டோர் சுற்றி வந்து பட்டையிற் காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பின்னர்ப் பால் நிறுக்குமிடத்தில் வாளி பேசும். பெரட்டு, ஆள் வந்தாரா என்று கேட்டது. தராசு, வேலை நடந்ததா என்று கேட்டது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது தோட்டத்துத் துரைக்கும் தெரிந்திருந்தது. இன்று குளிர்சாதன அறையில் அமர்ந்து படித்த மேலதிகாரிகளுள் சிலர் தராசைக் கைவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கொருமுறை பெரட்டு எடுக்கின்றனர். இதை முன்னேற்றம் என்று எவ்வாறு அழைப்பது?

பொய்யா, தற்காப்பா?

நிற்க. மேலதிகாரி செய்வது தவறாயின், தொழிலாளி பொய்ப் பச்சை காட்டுவது சரியாகிவிடுமா? இதுவே நம் விசாரத்தின் நடுவிடம்.

கடன்காரன் வாசலில் நிற்கிறான். ‘அப்பா வீட்டில் இல்லை என்று போய்ச் சொல்’ என்று தகப்பன் பிள்ளையை அனுப்புகிறான். இது நம்மிடையே நகைச்சுவையாக வழங்கும் கதை. ஆனால், ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன் இதை நகைச்சுவையாகக் கொள்ளவில்லை. 1791ஆம் ஆண்டில் பாஸ்வெல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி காணப்படுகிறது. தாம் உள்ளே இருக்கும்போது ‘எஜமானர் இல்லை’ என்று சொல்ல ஜான்சன் தம் வேலைக்காரனை அனுமதிக்கவில்லை. அது வெறும் சம்பிரதாயப் பேச்சு என்பது அறிவாளிக்கு விளங்கலாம், வேலைக்காரனுக்கு விளங்குமா? எனக்காகப் பொய் சொல்லப் பழகியவன் தனக்காகவும் பல பொய் சொல்லுவான் அன்றோ? இது ஜான்சனின் வாதம்.

1797ஆம் ஆண்டில் இதனினும் கடுமையான வழக்கொன்று எழுந்தது. கொலைகாரன் ஒருவன் துரத்திவர, நம் வீட்டில் நண்பன் ஒளிந்திருக்கிறான். ‘உள்ளே இருக்கிறானா?’ என்று கொலைகாரன் கேட்டால் உண்மை சொல்ல வேண்டுமா? உண்மையைப் பெற உரிமை உடையவனுக்கே உண்மை சொல்லுதல் கடமை என்றார் பிரெஞ்சு தேசத்துச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். எவனுக்கும் பொய் சொல்லலாகாது, கொலைகாரனுக்கும் ஆகாது என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். நம் திருவள்ளுவரோ, வாய்மை என்னும் 30ஆம் அதிகாரத்தில், எவர்க்கும் கேடு விளையாத பேச்சே வாய்மை என்னும் கருத்தை முதலில் நாட்டினார். கேட்பவனுக்கு உரிமை உண்டா என்பதோடு, சொல்லால் யார் கெடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோல்களைக் கொண்டு நிலைக்குறிப்பின் பொய்களை நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, இல்லாதபோது பச்சை காட்டுதல். ‘ஐந்து நிமிஷத்துக்கொருமுறை என்னை வேவு பார்க்க அவருக்கு உரிமை இல்லை, ஆகவே அவருக்கு உண்மை சொல்லும் கடமை எனக்கில்லை’ என்று கான்ஸ்டன்டின் பக்கம் நின்று ஒருவர் வாதிக்கலாம். வாதம் வலியுடையதே. ஆனால் ஓர் இடத்தில் அது முறிகிறது. புள்ளிக்கு இரண்டு முகம் இல்லை. மேலதிகாரிக்கு ஒரு நிறமும் சகாவுக்கு மற்றொரு நிறமும் அது காட்டாது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்குப் பெட்டியை விடுவிக்க ஓர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் குமாஸ்தாவை எண்ணிப் பாருங்கள். பச்சையைக் கண்டு, ‘இதோ விடை வரும்’ என்று அவர் நம்புகிறார். வேறொருவரைக் கேளாமல் காத்திருக்கிறார். வெளியே லாரிக்காரர் வெயிலில் நிற்கிறார். அரைமணி கழிகிறது. மேற்பார்வையாளரை ஏய்க்க ஏற்றிய பச்சை, உடனுழைப்பவனையே ஏய்த்துவிட்டது. இக்கேட்டினால்தான் பொய்ப் பச்சை தவறாகிறது. முதலாளியின் கட்டளையை மீறியதனால் அன்று.

இரண்டாவது, ஓய்ந்திருக்கும்போது சிவப்புக் காட்டுதல். கூட்டம் ஒன்றும் இல்லாவிடினும், ஒரு கணக்கை முடிக்கவோ ஒரு கடிதத்தை எழுதவோ தனிமை வேண்டி ஒருவர் சிவப்பு வைத்தால் அதிற் பொய் இல்லை. மனத்தின் வேலையும் வேலையே. ஆனால், புதிதாகச் சேர்ந்த இளையவர் ஐயம் கேட்டு வருவார் என்பதற்காகவே காலைமுதல் மாலைவரை சிவப்பு வைப்பவரும் இருக்கின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் மேல்நிலையில் உள்ளவர். பெரியவரின் சிவப்பைக் கண்டு சிறியவர் ஒதுங்குகிறார். சிறியவரின் சிவப்பைப் பெரியவர் பொருட்படுத்தாமல் அழைக்கிறார். ஒரே நிறம் ஆளுக்கேற்றபடி வேறு பொருள் தருமானால், அங்கே ஏற்றத்தாழ்வு குடியிருக்கிறதென்று அறிக.

மூன்றாவது, இருந்துகொண்டே மறைந்திருத்தல். இணைப்பில் இல்லாததுபோலத் தோன்றும் வசதியையும் இச்செயலிகளுட் சில கொடுக்கின்றன. மௌனம் பொய்யன்று, நம் ஒவ்வொரு கணத்துக்கும் ஊராருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், ‘இல்லை’ என்று காட்டுவது மௌனமன்று. அது ஜான்சன் மறுத்த வேலைக்காரனின் விடை. இங்கேதான் இயந்திரம் கொடுத்த மற்றொரு வசதியின் சிறப்பு விளங்குகிறது. ‘உள்ளேன், ஆனால் மூன்று மணிவரை பேச இயலாது’ என்று எழுதலாம் அல்லவா? ‘எஜமானர் இருக்கிறார், இப்பொழுது எவரையும் பார்க்கவில்லை’ என்று வேலைக்காரன் சொல்லுவதற்கு இது நிகரானது. உண்மையும் காக்கப்படுகிறது, தனிமையும் காக்கப்படுகிறது. பொய்க்கு இங்கே வேலையே இல்லை.

சம்பளம் வாங்கியது எதை?

‘சம்பளம் கொடுப்பவன் ஆள் இருக்கிறானா என்று கேட்கக்கூடாதா?’ என்று முதலாளிமார் வினவலாம். கேட்கலாம். மருத்துவமனையிலோ காவற்கூடத்திலோ தொலைபேசி உதவி மையத்திலோ ஆள் இருப்பதே வேலையின் பாதி. அங்கே இருப்பைக் கேட்பது நியாயம். பிற வேலைகளிலும், குறித்த நேரத்துக்குள் அழைத்தால் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால், சம்பளம் வாங்கியது உழைப்பையும் அதன் பயனையும். உழைப்பவனின் ஒவ்வோர் அசைவையும் அன்று. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைப் புள்ளியின் வாயிலாகப் பறித்துக்கொள்வது, தராசுத் தட்டில் விரல் வைப்பதைப் போன்றது.

மேலும், ஜான்சனின் எச்சரிக்கை முதலாளிமாருக்கும் உரியது. அவர் சொன்னது வேலைக்காரனின் குணத்தைப் பற்றியன்று. அவனைக் கெடுக்கும் எஜமானரைப் பற்றியது. உண்மையான மஞ்சளுக்குக் கடுஞ்சொல்லும் பொய்யான பச்சைக்குப் பாராட்டும் கொடுக்கும் காரியாலயம், பொய்யர்களை வளர்க்கும் பள்ளிக்கூடமாகும். அங்கே பயின்றவன் நாளை கணக்கிலும் பொய் எழுதினால் யாரை நோவது?

சட்டங்கள் இத்துறையில் மெல்ல அசைகின்றன. பிரான்சு தேசத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதலாக, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பறுத்திருக்கும் உரிமையைப் பற்றித் தொழிலாளரோடு பேச வேண்டும் என்றாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அவ்வுரிமை அமலுக்கு வந்தது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பெற்று, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேலைநேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்கத் தொழிலாளி விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் விடையிறுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. சிங்கப்பூரிலும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து இத்தகைய விண்ணப்பங்களுக்கு வழிகாட்டு முறைகள் உண்டு. இவை நன்றே. ஆனால் மலேசியச் சட்டமும் சிங்கப்பூர் வழிகாட்டு முறைகளும் கேட்பதற்கு வாயைத் திறந்துவிட்டனவேயன்றி, கேட்கும் துணிவைக் கொடுத்துவிடவில்லை. துணிவு சட்டப் புத்தகத்தில் அச்சாவதன்று.

நம்மவர் கடமை

இங்கே நம் குறையையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டு, ‘இதோ வந்துகொண்டிருக்கிறேன் அண்ணே!’ என்று சொல்வது நம்மிடையே சர்வசாதாரணம். கலியாணப் பந்தல்முதல் சங்கக் கூட்டம்வரை இச்சொல்லால் வீணாகும் மணிகளுக்குக் கணக்கில்லை. இதன் வேர் சோம்பலில் மட்டும் இல்லை; அச்சத்தில் இருக்கிறது. ‘இயலாது’ என்னும் சொல்லை நாம் மரியாதைக் குறைவென்று எண்ணி வளர்ந்தோம். துரைக்கும் கிராணியாருக்கும் முன் கைகட்டி நின்ற காலத்தில் ‘இயலாது’ என்றவனுக்குக் கூலி போயிற்று. ஆகவே, வாய் ‘ஆகட்டும்’ என்றது; கால் வேறு வழியில் போயிற்று. அக்காலம் போய்விட்டது. வாய்ப்பழக்கம் மட்டும் போகவில்லை.

சுயமரியாதை என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. சகாவைப் பார்த்து, ‘தம்பி, இப்பொழுது இயலாது, நான்கு மணிக்குப் பேசுவோம்’ என்று கூசாமல் சொல்லி, நான்கு மணிக்குத் தவறாமல் பேசுவதும் சுயமரியாதையே. முற்பாதி தன்னை மதிப்பது. பிற்பாதி பிறனை மதிப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் சொல் நிறைவெய்தும்.

ஆகவே, அலுவல் பார்க்கும் சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்வது இது. குறிப்பெழுதும்போது நேரத்தை எழுதுங்கள். ‘சற்று நேரத்தில்’ என்பது நேரமன்று. எழுதிய நேரத்தைக் காப்பாற்றுங்கள். முடியாதாயின் மாற்றி எழுதுங்கள். நேற்றைய ‘கூட்டத்தில் இருக்கிறேன்’ இன்று மாலைவரை தொங்குவது பொய்யாக எழுதப்படாவிடினும் பொய்யாக வாசிக்கப்படும். காரணத்தை விரித்துரைக்க உங்களுக்குக் கடமை இல்லை. பிள்ளைக்குச் சோறூட்டப் போகும் தாய், ‘ஒன்றரைக்குத் திரும்புவேன்’ என்றெழுதினால் போதும். காரணத்தையும் எழுத விரும்பினால், அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. உங்கள் காரியாலயத்தில் உண்மை மஞ்சளுக்குத் தண்டனை உண்டெனில், தனித்தனியே பொய்ப் பச்சை ஏற்றித் தப்பிக்க முயலாதீர்கள். பலராகச் சேர்ந்து சென்று, ‘எங்களை வேலையால் அளவிடுங்கள்’ என்று கேளுங்கள். தோட்டத்தில் நம்மவர் பெற்ற உரிமை எதுவும் ஒளிந்துநின்று பெற்றதன்று.

மேலதிகாரிகளாய் உயர்ந்திருக்கும் நம்மவருக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கமானது. முதல் உண்மை மஞ்சளை நீங்கள் வையுங்கள். ‘மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சென்றுள்ளேன், மூன்றரைக்கு வருவேன்’ என்று தலைவர் எழுதிய நாளில், கீழுள்ள பத்துப் பேரின் அச்சம் ஒரே நாளிற் பாதியாகும். புள்ளியைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். கீழுள்ளவரின் சிவப்பை உங்கள் சிவப்பைப்போலவே மதியுங்கள்.

இல்லை என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான், இருக்கிறேன் என்ற சொல்லுக்கு விலையுண்டு. அவ்வச்சத்தை நீக்குவது மேலே இருப்பவர் கடமை. நீங்கியபின் அச்சொல்லைக் காப்பது நம் எல்லோர் கடமை.